இருபத்திரண்டு காப்பு

மதுரைச் சீமையில் இதுவரை பிறந்த, இனிமேல் பிறக்கப்போகிற பக்தர்கள் அத்தனை பேரையும் ஒரு தட்டிலும் நல்லகாமனை ஒரு தட்டிலும் வைத்தால், தராசு நல்லகாமன் பக்கம் சாயும். சாய்கிற வேகத்தில் மற்ற பக்தர்கள் எல்லாம் யானைமலைக்கு அந்தப் பக்கம் போய் விழுவார்கள். பதினோரு வருடத்தில் இருபத்திரண்டு முறை காப்புக் கட்டிய ஆள் வேறு யார் இருக்கிறார்? அழகரே வருடத்துக்கு ஒருமுறைதான் ஆற்றுக்கு வருகிறார். நல்லகாமன் மாசியில் ஒன்று, ஆடியில் ஒன்று என்று தவறாமல் மஞ்சள் நூலைக் கையில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார். ஒருதடவை கருப்பசாமியே கனவில் வந்து, எனக்கே இம்புட்டு விரதம் தாங்காதப்பா, கொஞ்சம் ஓய்வெடு என்று கெஞ்சியதாகப் பேச்சு. பேசியது யார் என்று கேட்கக் கூடாது.

திருமங்கலத்திலிருந்து பேரையூர் போகிற சாலையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயரை எழுதினால் வம்பு. கருவேலங்காட்டை வெட்டித் தள்ளிவிட்டு நடுவில் கட்டியது. அங்கே ஆண்கள் விடுதிக்குத் தண்ணீர் விடுகிறவர் நல்லகாமன். வயது நாற்பத்தெட்டு. தோள் அகலம், குரல் தணிவு, நடை அதைவிடத் தணிவு.

உத்தியோகத்தின் பெயர் மோட்டார் ஆப்பரேட்டர். கேட்டால் சுவிட்சைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிற வேலை மாதிரித் தெரியும். இரண்டு போர், ஒரு கிணறு, உப்புத் தண்ணிக்கு ஒரு தொட்டி, லாரியில் வருகிற நல்ல தண்ணிக்கு ஒரு தொட்டி, இடையில் ஏழு வால்வு. ஒன்றிலும் நம்பர் எழுதியிருக்காது. மூன்றாவது வால்வை யாரோ ஒரு மகராசன் தலைகீழாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். திறக்க வேண்டுமென்றால் மூடுகிற பக்கம் திருக வேண்டும். ஏழாவது வால்வு சுவரில் ஒரு பொந்துக்குள் இருக்கிறது. தோள்வரை கையை விட்டால்தான் எட்டும். பாம்பு கிடக்கும் என்று வேறு யாரும் அதில் கை விடுவதில்லை. நல்லகாமன் குழாய்மேல் உள்ளங்கையை வைத்தே எந்த மாடியில் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பதினோரு வருடமாக. எப்படி வந்தது என்பது இந்தக் கதையில் வராது. சர்க்கரை வந்தவனைப் பிடித்து வைத்து எத்தனை லட்டுத் தின்றாய் என்று யாரும் கேட்பதில்லை. மனைவி பாண்டீஸ்வரிக்குத் தெரியும். அவருக்குச் சோதித்துப் பார்த்ததில் இல்லை. நல்லகாமன் மாதம் ஒருநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். தினமும் ஒன்பது மணிக்கு ஒன்று. போனில் அந்த நேரத்துக்கு அலாரம் அடித்தால், தொட்டி நிரம்பப்போகிறது, அண்ணன் மோட்டாரை அணைக்கப் போகிறார் என்று விடுதியே நினைத்துக்கொள்ளும். மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்லை. ரத்தத்தில் தேடினாலும் அகப்படாத அளவுக்குக் கிருமி அடங்கிப்போய்விட்டது, யாருக்கும் உங்களிடமிருந்து தொற்றாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியும் விட்டார்கள். நோய் அவரைக் களைப்பாக்கவில்லை. பொய்தான் களைப்பாக்கியது. நோய்க்கு ஒரு மாத்திரை போதும். பொய்க்குக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, எதிரே வருகிறவர் கேட்கிற கேள்விக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதில் பெரிய பொய் ரத்ததான முகாம். வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும். மாணவர் மட்டும் கொடுத்தால் கணக்கு எட்டாது என்று தோட்டக்காரர், வாட்ச்மேன், சமையல்காரர் எல்லாரையும் வரிசையில் நிறுத்துவார்கள். முடியாது என்றால் ஏன் என்பார்கள். முதல் முகாமுக்குப் பெயர் எழுத வந்தபோது காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் காப்பு. குலதெய்வத்துக்குக் காப்புக் கட்டியவன் உடம்பில் ரத்தம் சிந்தலாமா என்று கேட்டால், எந்த டாக்டரும் பதில் பேச மாட்டார். பெட்டிக்கடையில் நூல் வாங்குவார், மெஸ்ஸில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் எடுத்துத் தேய்ப்பார், முகாமுக்கு மூன்று நாள் முன்னால் கட்டி மூன்று நாள் பின்னால் அவிழ்ப்பார். பிப்ரவரி என்றால் மாசிச் சிவராத்திரி, ஆகஸ்டு என்றால் ஆடி. இரண்டும் சாமி மாதம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பக்தி முற்றிய ஆள் என்று பெயர்தான் வந்தது. வீபூதி தரச் சொல்லிப் பரீட்சைக்கு முன்னால் பையன்கள் வந்து நிற்பார்கள். அதற்கும் ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொண்டார்.

போன பிப்ரவரியில் வெள்ளிக்கிழமை நடக்க வேண்டிய முகாமை அடுத்த புதன்கிழமைக்கு மாற்றினார்கள். புதன் மதியம் மெஸ்ஸில் கோழி. அன்று விடிகாலையிலேயே மெயின் குழாய் உடைந்து, மதியம் இரண்டரை வரைக்கும் சேற்றில் நின்று ஒட்டுப் போட்டுவிட்டு, கையைக் கழுவி, தட்டை நீட்டி, போட்டதைத் தின்றார். இரண்டாவது துண்டு பாதி போன பிறகுதான் பரிமாறிய அழகுமலை அவருடைய மணிக்கட்டைப் பார்த்தான். கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டான்.

அழகுமலை மேலூர்ப் பக்கத்துக்காரன். முப்பது வயது. மெஸ்ஸில் பரிமாறுகிறவன். நல்லகாமனை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவன். காப்புக் கட்டிய கைக்குக் கறி போட்டது தன் கைதானே என்று அன்றைக்கே அவன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். நல்லகாமன் ஏதோ முணுமுணுத்துச் சமாளித்துவிட்டு எழுந்து போனார்.

மூன்றாம் நாள் அழகுமலையின் மகளுக்குக் காய்ச்சல். ஆறு வயதுப் பிள்ளை. ஐந்தாம் நாள் டெங்கு என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். அழகுமலை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டான், சோறு தின்பதை விட்டுவிட்டான். இது சாமி குத்தம் என்பதில் அவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் ஒரே அபிப்பிராயம். மற்ற எதிலும் அவர்கள் ஒத்துப்போனதாகத் தகவல் இல்லை.

அவன் மோட்டார் ரூமுக்கு வந்து நல்லகாமன் காலில் விழப் போனான். பிள்ளையை நாளைக் காலையில் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு மேலூரில் குறி சொல்கிற கோடாங்கியிடம் கூட்டிப் போகிறார்களாம். கருப்பனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்துவிட்டால் காய்ச்சல் இறங்கிவிடுமாம். அண்ணனும் கூட வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

நல்லகாமன் குழாய்மேல் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். இதற்கும் ஒரு பொய் அவர் கைவசம் இருந்திருக்கும். கூடப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டால் முடிந்தது. ஆனால் டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டு ஒரு பிள்ளையை மேலூர் வரைக்கும் பஸ்ஸில் கூட்டிப் போவார்கள். அவர் மோட்டாரை அணைத்தார்.

"அழகு, இது சாமிக் காப்பு இல்லடா. பெட்டிக்கட நூலு. நம்ம மெஸ்ஸு மஞ்சள்."

"என்னண்ணே சொல்றீக."

"ரத்தம் குடுக்கச் சொல்லுவாங்கல்ல, அதுக்காகக் கட்டுனது. நான் குடுக்க முடியாது. எச்.ஐ.வி. இருக்கு எனக்கு. சாமிக்கும் உன் புள்ளைக்கும் நடுவுல ஒண்ணுமே நடக்கல. டிரிப்ஸு ஓடட்டும், எங்கயும் கூட்டிட்டுப் போகாத."

 அழகுமலை, அப்ப சாமிக்குக் கோவம் இல்லையா என்று மட்டும் கேட்டான். இல்லை என்றார். வெளியே போய்ப் பெண்டாட்டிக்குப் போன் போட்டு, பிள்ளை அங்கேயே இருக்கட்டும் என்றான். பிள்ளை ஆறு நாளில் வீட்டுக்கு வந்து, பிஸ்கட் கேட்டு அடம்பிடித்தது.

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் மெஸ்ஸில் மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. காப்போடு கறி தின்ற கதை அடுப்படி முழுக்கப் பரவி, நல்லகாமன் சாமியை ஏமாற்றுகிறவன், அவன் விட்ட தண்ணீரில் உலை வைத்தால் நமக்கும் ஆகாது என்று பேச்சு வளர்ந்தது. அழகுமலைக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் மானத்தைக் காப்பாற்றியே தீருவது என்று பாத்திரம் கழுவுகிற இடத்தில் எல்லார் நடுவிலும் நின்று, அவர் சாமியை ஏமாற்றுகிற ஆள் இல்லை, அந்த மனுசனுக்கு எச்.ஐ.வி., அதனால்தான் அந்த நூல் என்று போட்டு உடைத்தான். சொல்லி முடித்து, ஒவ்வொருவராகக் குழாயடியைவிட்டு நகர்ந்தபோதுதான், தான் செய்தது என்ன என்று அவனுக்குப் புரிந்தது. சாமி குத்தத்துக்கு ஒரு பரிகாரம் உண்டு. இதற்கு என்ன உண்டு என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு நாளில் மாணவர்களுக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் பெற்றோர்களுக்குத் தெரிந்தது. நான்காம் நாள் வார்டன் சூரியபிரகாஷ் கூப்பிட்டு அனுப்பினார். அவர் உயிரியல் பேராசிரியர், நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். உட்காரச் சொன்னார். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க, தோட்டத்துப் பக்கம் பாத்துக்குங்க, மோட்டார் ரூம் சாவியைச் சோணைமுத்துவிடம் குடுத்துருங்க என்றார். காரணம் சொல்லவில்லை. நல்லகாமனும் கேட்கவில்லை. சாவியை நீட்டியபோது, தோட்டக்காரன் சோணைமுத்து அதைக் கையில் வாங்காமல், சுவர்மேல வைங்கண்ணே என்றான்.

நல்ல தண்ணித் தொட்டியைக் காலி செய்து பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று தடவை கழுவினார்கள். லாரித் தண்ணீர் அத்தனையும் கருவேல மரத்துக்குப் போனது. மெஸ்ஸில் அவர் டீ குடிக்கிற டம்ளருக்கு மட்டும் கழுத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்து, தனியாக ஜன்னலில் கவிழ்த்து வைத்தார்கள். யார் செய்தது என்று கேட்டால் மெஸ் மேனேஜர் இம்மானுவேல், எனக்கு என்ன தெரியும் என்பார். டிசம்பரில் எய்ட்ஸ் தினத்துக்குக் கட்டிய பேனர் விடுதி வாசலில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது: எச்.ஐ.வி. உள்ளோரை ஒதுக்காதீர். அதைக் கட்டியது நல்லகாமன். ஏணி அவரிடம்தான் இருந்தது.

அவர் தோட்டத்தில் பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாண்டீஸ்வரிக்குப் போனில் சொன்னார். வேலைதான போச்சு, மாத்திரைய விட்டுறாதீக என்றார் பாண்டீஸ்வரி. வேலை போகவில்லை, சம்பளம் வரும் என்றுகூட நல்லகாமன் விளக்கவில்லை. சம்பளத்தைப் பற்றிய கவலை இல்லை அது. இருபது வருடம் இந்தப் பிள்ளைகள் குடித்த தண்ணீர் அவர் கையால் போனது. அந்தக் கை அழுக்கு என்று எழுதாமல் எழுதிவிட்டார்கள். மோட்டார் ரூமுக்குத் திரும்பிப் போகாமல் ஓய்வு பெற்றால், அந்த அழுக்கு நிசம் என்று ஆகிவிடும்.

பத்தாம் நாள் காலையில் மெஸ்ஸில் ஒரு கூத்து நடந்தது. அடுக்கி வைத்த நூற்று நாற்பது டம்ளரிலும் சிவப்புப் புள்ளி. எது நல்லகாமன் டம்ளர் என்று யாருக்கும் தெரியவில்லை. இம்மானுவேல் தொண்டை கிழியக் கத்தினார், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னார், துடைத்தால் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும் என்று யாரோ சொன்னதும் துடைக்க வேண்டாம் என்றார். எவர்சில்வர் டம்ளர் நூற்று நாற்பதைத் தூக்கி எறியவும் முடியவில்லை. பதினோரு மணிக்கு எல்லாருக்கும் தலை வலித்தது, டீயை ஊற்றிக் குடித்தார்கள். இந்த வேலையைச் செய்தது யார் என்பது இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. பெரிய கை ஏதாவது இருக்க வேண்டும்.

அதே வாரம் மாத்திரை வாங்கப் போன இடத்தில், நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் கனகலட்சுமி அவர் முகத்தைப் பார்த்து விசயத்தைக் கறந்துவிட்டார். இதற்கென்று சட்டம் இருக்கிறது, நோயைச் சொல்லி ஒருத்தரை வேலையிலிருந்து நகர்த்தக் கூடாது, நூறு பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் புகார் வாங்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும், அவரிடம் எழுதிக் கொடுங்கள் என்றார். நல்லகாமன் பஸ்ஸில் வரும்போதே எழுதினார். சண்டை போடுகிற மாதிரி அவருக்கு எழுத வராது. ஆனால் அந்த ஆபீஸை இருபது வருடமாகத் தெரியும். குழாய்க்கு ஒரு வாசர் வாங்க மூன்று காகிதம் எழுதுகிற இடம் அது. காகிதத்தில் இல்லாதது அங்கே நடக்கவே இல்லை.

ஐயா, பிப்ரவரி 24 முதல் என்னை மோட்டார் அறைக்கு வரவேண்டாம் என்று வாயால் சொன்னார்கள். என்ன காரணத்துக்காக என்பதை எழுத்தில் தந்து உதவும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவுதான். புகார் அலுவலர் யார் என்று ஆபீஸில் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. பழைய பைலைப் புரட்டி, தூசியைத் தட்டி, ஒருவழியாகக் கண்டுபிடித்தார்கள். வார்டன் சூரியபிரகாஷ்தான். அவருக்கே அது மறந்துபோயிருந்தது. ஆக, வார்டனைப் பற்றிய காகிதத்தை வார்டனிடமே கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குச் சீல் கேட்டார் நல்லகாமன். சீலும் கிடைத்தது.

பதினோரு நாள் பதில் இல்லை. காரணத்தை எழுதினால் அந்தக் காகிதமே குற்றத்துக்குச் சாட்சி, எழுதாவிட்டால் மாற்றியதற்குக் காரணமே இல்லை. இதற்கு நடுவில் சோணைமுத்து மூன்றாவது வால்வை மூடுவதாக நினைத்துத் திறந்துவிட்டு, நல்ல தண்ணித் தொட்டிக்குள் உப்புத் தண்ணி இறங்கி, விடுதி முழுக்க இரண்டு நாள் உப்புக் கரிக்கிற டீ குடித்தது. நல்லகாமன் நினைத்திருந்தால் பேசாமல் வேடிக்கை பார்த்திருக்கலாம். சோணைமுத்துவுக்குப் போன் போட்டு, மூணாவத மூடுற பக்கம் திருகுனாத்தான் திறக்கும்டா, நீ மாத்தித் திருகு என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார்.

பன்னிரண்டாம் நாள் வார்டன் கூப்பிட்டார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பெற்றோர் விடாமல் போன் செய்கிறார்களாம். தண்ணீர்ப் பிரச்சினையும் தாங்கவில்லையாம். நாளையிலிருந்து வந்துவிடுங்கள், இந்த மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

"தண்ணி சரியா வரலைன்னு கூப்புடுறீங்கன்னா நான் வரல சார். சோணைமுத்து ஒரு மாசத்துல பழகிக்கிருவான்."

"எனக்குப் புரியாம இல்ல நல்லகாமன். தண்ணில பரவாதுன்னு எனக்குத் தெரியாதா? அவங்களுக்கு எப்படிச் சொல்றது?"

"போன டிசம்பர்ல சொன்னீங்களே சார். தொட்டாப் பரவாது, டம்ளர்ல பரவாது, தண்ணில பரவாதுன்னு மைக்குல அரை மணி நேரம் பேசுனீங்க. மைக்கு கட்டுனது நான்தான். பின்னாடி நின்னு கேட்டேன். அன்னைக்குச் சொல்லிரலாமான்னுகூட இருந்துச்சு."

சூரியபிரகாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. பிறகு காகிதத்தை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். நல்லகாமன் மோட்டார் அறைப் பணியில் தொடர்கிறார். இடையில் மாற்றியது தவறு. இரண்டாவது வரியை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. ஆனாலும் எழுதினார், சீல் போட்டார், அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். அன்று மாலை வந்த போன்களுக்கு, தண்ணீரில் பரவாது, உங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் போகலாம் என்று பதில் சொன்னாராம்.

ஊர் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. ஒரு பையனின் அப்பா நிசமாகவே கூட்டிப் போனார். முதல் மாடியில் சில பேர் இரண்டு மாதம் கேன் தண்ணி வாங்கிக் குடித்தார்கள். காலி கேனை மோட்டார் ரூம் வாசலில் அடுக்கி வைத்தார்கள், நல்லகாமன் அதில் துளசி நட்டார். சோணைமுத்து ஒரு மாதம் கழித்து, நல்லகாமன் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, சாவியைக் கையில் வாங்கினான். அதைப் பெரிதாக நினைத்ததாக நல்லகாமன் காட்டிக்கொள்ளவில்லை. இதற்கெல்லாம் சந்தோசப்படக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது என்று அழகுமலையிடம் ஒருநாள் சொன்னார். அழகுமலை அவரைப் பார்க்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்பதை இன்னும் நிறுத்தவில்லை. அதுவும் ஒரு களைப்புத்தான்.

ஆகஸ்டில் மறுபடியும் முகாம் வந்தது. நல்லகாமன் வெறும் கையோடு போனார். பெயர் எழுதுகிற மாணவி ரத்தம் தருகிறீர்களா என்று கேட்டது. இல்லம்மா, குடுக்க முடியாது என்றார். அந்தப் பிள்ளை சரி என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டது. பதினோரு வருடம் பயந்த கேள்வி அவ்வளவு சின்னதாக இருந்தது அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழகுமலை ரத்தம் கொடுத்தவர்களுக்கான ஜூஸில் ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் திணித்தான். நான் ஒண்ணும் குடுக்கலையேடா என்றார். இம்புட்டு வருசமாப் பொய் குடுத்திருக்கீகல்ல, அதுல உடம்பு எம்புட்டு வத்தியிருக்கும், குடிங்க என்றான்.

இதையெல்லாம் எழுதி முடித்தவன் மோட்டார் ரூமில் வைத்து நல்லகாமனுக்கு வாசித்துக் காட்டினான். பெயரைப் போடலாமா என்று முதலிலேயே கேட்டிருந்தான், போடு என்று சொல்லியிருந்தார். அவர் குழாய்மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். கருப்பசாமி கனவில் வந்த இடத்தில் உதடு கொஞ்சம் அசைந்தது. முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"இருபத்திரண்டு இல்ல, இருபது. கொரோனா வருசம் கேம்ப்பு கிடையாது."

மாற்றிவிடுவதாக எழுதியவன் சொன்னான்.

"வேணாம், கெடக்கட்டும். அந்த டம்ளர் சோலி யாரு செஞ்சதுன்னு தெரியாதுன்னு எழுதியிருக்க."

"ஆமாண்ணே. யாருக்குமே தெரியல."

நல்லகாமன் எழுந்து, ஏழாவது வால்வுப் பொந்துக்குள் தோள்வரை கையை விட்டார். மூன்று காலி நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார்.

"பாம்பு கெடக்கும்னு தெரிஞ்சும் என் கதைக்குள்ள நீ கைய விட்டிருக்க. போ, போயி அந்த எடத்த ஒழுங்கா எழுதிட்டு வா."